சுகர் மாத்திரையை நடுவில் விட்டவர்கள் இருக்கிறீர்களா? ஏன் விட்டீர்கள், எப்படித் திரும்பினீர்கள்?

அச்சுக்கூடம் (இழையைத் தொடங்கியவர்), செவ்வாய் இரவு 10.40

வணக்கம். வயது 47. சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் பார்க்கிறேன். 2019-ல் குடலிறக்க ஆபரேஷனுக்கு ரத்தம் எடுத்தபோதுதான் சுகர் இருப்பதே தெரிந்தது. மூன்று மாத சுகர் சராசரி (HbA1c) 9.1. மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, காலையில் கிளிமிபிரைடு ஒன்று. ஒழுங்காகச் சாப்பிட்டேன். எட்டு மாதத்தில் 6.4-க்கு இறங்கியது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பிரமாதம், இப்படியே இருங்க" என்றார். பக்கத்தில் இருந்த நோயாளியிடம் "இவரைப் பாருங்க" என்று காட்டவும் செய்தார். அவர் சொன்னது தொடரச் சொல்லி. என் காதில் விழுந்தது "முடிந்தது" என்று.

உடனே நிறுத்தவில்லை. சில வருடம் ஓடியது. போன வருடம் காலண்டர் சீசன். ஆடி 18-க்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்துவிட்டால் எங்களுக்கு டிசம்பர் வரை தூக்கம் கிடையாது. ஒரு நாள் அட்டை தீர்ந்தது. நாளைக்கு வாங்கலாம், நாளைக்கு வாங்கலாம் என்று ஒரு வாரம் போனது. ஒன்றும் ஆகவில்லை. தலை சுற்றவில்லை, மயக்கம் இல்லை. உண்மையைச் சொன்னால் வயிறு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. அந்த "ஒன்றும் ஆகவில்லை" என்னைப் பதினான்கு மாதம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

இப்போது பாதம் எரிகிறது. ராத்திரி மூன்று முறை எழுந்திருக்கிறேன். இது என்ன என்று எனக்குத் தெரியும். டாக்டரைப் பார் என்று யாரும் சொல்ல வேண்டாம், அதுவும் தெரியும். "இவரைப் பாருங்க" என்று சொன்ன மனிதர் முன்னால் எந்த முகத்தோடு போய் உட்காருவது? அதுதான் சிக்கல். என்னைப் போல் விட்டுவிட்டுத் திரும்பியவர்கள் இருந்தால் எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

நேர்வழி, செவ்வாய் இரவு 10.58

காரணம் என்ன பெரிய காரணம்? அலட்சியம்தான். டீக்கு மூன்று வேளையும் ஞாபகம் வருகிறது, மாத்திரைக்கு மட்டும் வராதா? கோபித்துக்கொள்ளாதீர்கள், என் சொந்த அண்ணனிடமும் இதைத்தான் சொன்னேன்.

திண்ணைப்பேச்சு, செவ்வாய் இரவு 11.05

அண்ணன் இப்போது மாத்திரை சாப்பிடுகிறாரா?

நேர்வழி, செவ்வாய் இரவு 11.09

தெரியாது. பேச்சுவார்த்தை இல்லை.

செவ்வந்தி, புதன் காலை 6.15

அண்ணா, நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிரஷர் மெஷின், சுகர் பார்க்கும் மெஷின், மாத்திரை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவது என் வேலை.

முதல் ஆறு மாதம் நான் கேட்ட கேள்வியே தப்பு. "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்பேன். எல்லோரும் "சாப்பிடுறேன்மா" என்பார்கள். வீட்டுக்கு வந்தவளிடம் இல்லை என்று யார் சொல்வார்கள்? ஒரு நாள் ஒரு பாட்டி வீட்டில் தண்ணீர் குடிக்கச் சொம்பை எடுத்தால், பின்னால் பானைக்குள் நான் கொடுத்த அட்டைகள் அப்படியே கிடக்கின்றன. நாலு அட்டை. பாட்டியும் பார்த்தது, நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் கேள்வியை மாற்றினேன். "எத்தனை நாள் விட்டுப்போச்சு பாட்டி?" விட்டுப்போவது சகஜம்தான் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. அதற்குப் பிறகுதான் நிஜம் வெளியே வந்தது.

அந்தப் பாட்டி நூறு நாள் வேலைக்குப் போகும். காலையில் வருகைப் பதிவுக்குப் போட்டோ எடுக்க ஏரிக்குப் போய்விட வேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் அங்கே வயிறு கலக்கும். ஏரியில் ஏது கக்கூஸ்? ஆண்கள் எங்காவது ஒதுங்குவார்கள். பாட்டி என்ன செய்யும்? மாத்திரையை விட்டது. இதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்லும், அதுவும் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது? நான் பி.எச்.சி. நர்ஸ் அக்காவிடம் சொல்லி, டாக்டரம்மா அதை ராத்திரி சாப்பாட்டோடு போடச் சொன்னார். இப்போது பானைக்குள் அட்டை இல்லை. எனக்குத் தெரிந்தவரை இல்லை :)

இன்னும் எழுத நிறைய இருக்கிறது, டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

மருந்துக்கடை மூலை, புதன் பிற்பகல் 2.30

கல்லாவுக்குப் பின்னால் இருந்து பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். யாரும் ஒரே நாளில் விடுவதில்லை. முதலில் பதினைந்து மாத்திரை வாங்குவார்கள். அப்புறம் பத்து. அப்புறம் மாதக் கடைசியில் "ஐந்து மட்டும் வெட்டிக் கொடுங்க". அதன் பிறகு ஆளையே காணோம். எட்டு மாதம் கழித்து, ஓரமெல்லாம் கிழிந்த பழைய சீட்டோடு வருவார்கள். தேதியைப் பார்த்தால் 2016.

காசு ஒரு பெரிய காரணம், ஆனால் மெட்ஃபார்மினுக்காக யாரும் விடுவதில்லை, அது மலிவு. புது ரகங்கள்தான் கடிக்கும். மாதச் சம்பளம் பன்னிரண்டாயிரம் வாங்குபவருக்குத் தினம் அறுபது ரூபாய் மாத்திரையை எழுதிவிட்டால், அவர் ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுவார். டாக்டருக்கு அது தெரியாது. சுகர் இறங்கவில்லையே என்று டோஸைக் கூட்டுவார். இவர் இன்னும் நாளைக் கூட்டி இடைவெளி விடுவார்.

2022 ஜூலையில் சிடாகிளிப்டினுக்கும், 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசினுக்கும் காப்புரிமை முடிந்தது. இரண்டு முறையும் விலை மளமளவென்று சரிந்தது. போனவர்கள் சிலர் திரும்பி வந்ததை என் கடையிலேயே பார்த்தேன். ஒருவர் வந்து, "இப்ப என் ரேஞ்சுக்கு வந்துருச்சாமே" என்றார்.

இன்னொன்று யாரும் எழுத மாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன். மாத்திரையின் முகம். போன மாதம் நீள வெள்ளை, இந்த மாதம் வட்ட மஞ்சள். மருந்து ஒன்றுதான், கம்பெனி வேறு. ஆனால் எழுத்தைப் படிக்க முடியாதவர்களுக்கு மாத்திரை என்பது அதன் நிறமும் உருவமும்தான். "மாத்திக் கொடுத்துட்டாங்க" என்று பயந்து தொடாமல் வைத்துவிடுவார்கள். கேட்டால்தான் சொல்வார்கள். நாங்களும் கூட்டத்தில் கேட்பதில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கடல்தாண்டி, புதன் இரவு 9.20

நான் சவுதியில் டிரெய்லர் ஓட்டுகிறேன். மருந்து ஊரிலிருந்து வரும். யாராவது லீவுக்குப் போய்த் திரும்பும்போது ஆறு மாதத்துக்கு வாங்கி வரச் சொல்வேன்.

நான் விட்டது பயத்தில். ஒருமுறை ஹைவேயில் கை நடுங்கி, சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்து, கண் முன்னால் ரோடு இரண்டாகத் தெரிந்தது. சாப்பாடு தள்ளிப்போன நாள் அது. ஓரம் கட்டி, பக்கத்தில் இருந்த பெப்சியைக் குடித்தேன், கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி ரூமில் அத்தனை மாத்திரையையும் குப்பையில் போட்டேன். பின்னால் ஏறி இறங்குவது நாற்பது டன். சுகர் ஏறினால் எனக்கு மட்டும்தான் கேடு. இறங்கினால் ரோட்டில் போகிறவனுக்கும் கேடு. இது அலட்சியமா, நேர்வழி அண்ணன் சொல்லட்டும்.

ஒரு வருடம் அப்படியே போனது. லீவில் வந்தபோது மனைவி இழுத்துக்கொண்டு போய் வேறொரு டாக்டரிடம் காட்டினாள். அவர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "நீங்க ரெண்டு மாத்திரை சாப்பிட்டீங்க. உங்களைத் தாழ இழுத்தது அதில் ஒன்னு. இன்னொன்னு தனியாகப் போட்டால் அப்படிச் செய்யாது. ரெண்டையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுட்டீங்க" என்றார். கிளிமிபிரைடை எடுத்துவிட்டு வேறு ரகம் கொடுத்தார். இந்த ஒரு வாக்கியத்தை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்த வருடம் வீணாகியிருக்காது.

நேர்வழி, புதன் இரவு 9.47

தம்பி, உங்களைச் சொல்லவில்லை.

அவரைப்பந்தல், வியாழன் காலை 11.10

என் மாமனாருக்கு இன்சுலின் எழுதி மூன்றாவது மாதம் இறந்துபோனார். கிட்னி ஏற்கெனவே போயிருந்தது, கடைசியில்தான் ஊசிக்கு வந்தார்கள். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் பதிந்தது "ஊசி போட்டாங்க, போயிட்டார்" என்பதுதான். இப்போது என் கணவருக்கு டாக்டர் ஊசி என்று சொன்ன அன்றே மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டார். "டயாலிசிஸில் இருக்கிறவன் எல்லாம் மாத்திரை சாப்பிட்டவன்தான்" என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. படித்தவர், வங்கியில் வேலை.

வேப்பங்கொழுந்து, வியாழன் மதியம் 1.05

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், நான் மறுபக்கம். மாத்திரையை நிறுத்தி இரண்டரை வருடம் ஆகிறது. வருத்தமே இல்லை. ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், ஊற வைத்த வெந்தயம். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சும்மாவா சொன்னார்கள்? மூன்று மாத சராசரி 6.1. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

திண்ணைப்பேச்சு, வியாழன் மதியம் 1.20

எடை ஏதும் குறைந்ததா? சும்மா கேட்கிறேன்.

வேப்பங்கொழுந்து, வியாழன் மதியம் 1.31

91 இருந்தேன், இப்போது 76. ராத்திரி ஏழு மணிக்கு மேல் சாப்பிடுவதில்லை, சோற்றைப் பாதியாக்கினேன், தினம் கண்மாய்க்கரையில் ஒரு மணி நேரம். அதுவும் சேர்த்துத்தான்.

பழைய ஸ்டெத், வியாழன் இரவு 10.15

ஓய்வுபெற்ற பொதுமருத்துவர். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

வேப்பங்கொழுந்து அவர்களுக்கு முதலில் வாழ்த்துகள். நீங்கள் செய்ததற்கு மருத்துவத்திலேயே பெயர் இருக்கிறது, தணிவு நிலை. மருந்தை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் சராசரி 6.5-க்குக் கீழே இருந்தால் அப்படிச் சொல்கிறோம். பிரிட்டனில் டைரக்ட் என்ற ஆய்வு 2017-ல் வந்தது. சுகர் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை, இன்சுலினுக்குப் போகாதவர்களை எடுத்து, சில மாதம் மிகக் குறைந்த கலோரியில் வைத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் அந்த நிலையில் இருந்தார்கள். இரண்டாம் வருட முடிவில் அது 36 ஆனது. பதினைந்து கிலோவுக்கு மேல் இறக்கியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அந்த நிலைக்கு வந்தார்கள். நீங்களும் பதினைந்து இறக்கியிருக்கிறீர்கள். ஆவாரம்பூவுக்கு நான் எதிரியில்லை, ஆனால் பாராட்டை உங்கள் கால்களுக்குக் கொடுங்கள். எடை திரும்பினால் சுகரும் திரும்பும், அதனால் சோதனையை மட்டும் விடாதீர்கள். நீங்கள் மருந்தைத்தான் நிறுத்தினீர்கள், பார்ப்பதை நிறுத்தவில்லை. அச்சுக்கூடம் இரண்டையும் சேர்த்து நிறுத்திவிட்டார்.

அவரைப்பந்தல் அம்மாவுக்கு: மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி வழியாக வெளியேறும் மருந்து அது, அதனால் கிட்னி மிகவும் தளர்ந்தவர்களுக்கு நாங்களே நிறுத்துகிறோம். கெடுப்பது பல வருடம் ஏறியே கிடந்த சர்க்கரையும் பிரஷரும். கடைசிக் கட்டத்தில் ஊசி எழுதுவதால் ஊசிக்குக் கெட்ட பெயர். அதில் எங்கள் பங்கும் உண்டு. "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடலைன்னா ஊசிதான்" என்று தண்டனை மாதிரி மிரட்டியவர்கள் நாங்கள்தானே. அப்புறம் ஊசி எழுதினால் ஆள் ஓடத்தான் செய்வார். கணவரிடம் வாதாட வேண்டாம். ஊசி போட்டு நன்றாக இருக்கும் ஒருவரை அவருக்கு அறிமுகப்படுத்த முடிந்தால் போதும்.

நேர்வழி, ஒன்று சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2003-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்க்கு மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தானாம். பாதி உலகமும் அலட்சியம் என்றால் அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை.

நானும் உங்கள் கட்சியில் இருந்தவன்தான். சத்தம் போடுவேன். ஒருமுறை ஒருவருடைய சுகர் நோட்டை மேசையில் தூக்கிப் போட்டு, "இஷ்டத்துக்கு வந்தா என்னால பார்க்க முடியாது" என்றேன். கொத்தனார். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு போனார். மூன்று வருடம் கழித்து வந்தார், இடது பெருவிரலில் கறுத்துப்போன புண்ணோடு. ஏன் நடுவில் வரவில்லை என்று கேட்டேன். "நீங்க திட்டுவீங்கனுதான் சார், மறுபடி ஒழுங்கா ஒரு மாசம் மாத்திரை சாப்பிட்டுட்டு வரலாம்னு இருந்தேன்" என்றார். அந்த ஒழுங்கான ஒரு மாதம் அவருக்கு மூன்று வருடத்திலும் வாய்க்கவில்லை. விரலை எடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு நான் யாருடைய நோட்டையும் தூக்கிப் போட்டதில்லை.

கிளினிக்குக்கு வரும் முன் மூன்று நாள் பட்டினி கிடந்து வெறும் வயிற்றுச் சுகரை அழகாகக் காட்டுவார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் படிப்பு. சிவப்பணு ஏறக்குறைய நூற்றிருபது நாள் வாழ்கிறது, மூன்று மாதக் கதையை அது சுமந்துகொண்டிருக்கும், மறைக்க முடியாது. ஆனால் அப்படி மறைக்கத் தோன்றுகிறதே, அது எங்கள் மேல் உள்ள பயம்தான்.

பனங்காற்று, வெள்ளி காலை 7.40

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு பன்னிரண்டு வருடமாக நீரிழிவு. 2022-இல் நாடு கிடந்த கிடையில் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் சில குளிசைகள் இல்லை, வெளியில் வாங்குங்கோ என்று கொப்பியில் எழுதிவிட்டார்கள். வெளியில் விலை மூன்று மடங்கு, அதுவும் எல்லாக் கடையிலும் இல்லை. பெற்றோலும் இல்லை, பஸ்ஸும் ஒழுங்கில்லை. அம்மா குளிசையைப் பாதியாக உடைத்தா, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு முற்றாக விட்டுவிட்டா.

அடுத்த வருடம் கிளினிக்கில் குளிசை திரும்பக் கிடைக்கத் தொடங்கியது. அம்மா போகவில்லை. "அது இல்லாமலும் இருந்தனான் தானே" என்றா. அச்சுக்கூடம் அண்ணா எழுதிய அதே "ஒன்றும் ஆகவில்லை". மருந்தில்லாத காலம் அம்மாவுக்கு ஒரு பாடம் படிப்பித்துவிட்டது, பிழையான பாடம்.

திரும்பப் போனது எப்படித் தெரியுமா? கிளினிக்கில் அவவோடு வழமையாக ஒரே வாங்கில் இருக்கிற ஓர் அன்ரி வீட்டுக்கு வந்து, "உன்ர இடத்தில வேற ஆள் இருக்குது, வரப்போறியோ இல்லையோ?" என்று கேட்டா. அவ்வளவுதான். அடுத்த செவ்வாய் அம்மா கொப்பியைத் தேடி எடுத்தா.

மழைத்தூறல், வெள்ளி மாலை 6.00

இதைப் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். எனக்கு டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை, ஒன்பது வயதிலிருந்து. நீங்கள் எல்லோரும் பேசும் "பதினான்கு மாதம்", "ஒரு வருடம்" எங்களுக்குக் கிடையாது. இன்சுலினை நிறுத்தினால் எங்களுக்கு மாதக் கணக்கு இல்லை, நாள் கணக்கு.

நானும் நிறுத்தினேன். முழுதாக இல்லை. கல்லூரி ஹாஸ்டல் முதல் வருடம். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியை மட்டும் விட்டேன், ராத்திரி ஊசி போட்டுக்கொண்டேன். ஏன் என்றால், மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் சட்டையைத் தூக்கி ஊசி போட வேண்டும். வீட்டில் வேறு "யாருக்கும் சொல்லாதே, நாளைக்கு வரன் பார்க்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. வாந்தி, மூச்சு வாங்கியது, ஐ.சி.யூ. வாயில் அழுகிய பழ வாசனை வந்ததாக ரூம்மேட் சொன்னாள். அவள்தான் வார்டனைக் கூப்பிட்டவள்.

திரும்பி வந்ததும் அவள் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. மெஸ்ஸுக்குப் போகும்போது என் பேனா ஊசியை அவள் பையில் எடுத்து வருவாள், மேசையில் உப்பு டப்பா பக்கத்தில் வைப்பாள். அவ்வளவு சாதாரணமாக. பத்து நாளில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு பையன். வரனிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டேன்.

அச்சுக்கூடம், வெள்ளி இரவு 11.30

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கொத்தனார் கதையில் என்னைப் பார்த்தேன். நானும் "ஒரு மாதம் நடந்து, சோற்றைக் குறைத்து, கொஞ்சம் இறக்கிவிட்டுப் போய்க் காட்டலாம்" என்றுதான் ஆறு மாதமாக இருக்கிறேன்.

டாக்டர் சார், ஒரு கேள்வி. வீட்டில் பழைய சீட்டு இருக்கிறது. நாளைக்கே அதே மாத்திரையை வாங்கித் தொடங்கிவிட்டு, அப்புறம் போகலாமா?

பழைய ஸ்டெத், சனி காலை 5.50

வேண்டாம். காரணத்தையும் சொல்கிறேன், இல்லையென்றால் நீங்கள் தொடங்கிவிடுவீர்கள்.

பதினான்கு மாதத்தில் உங்கள் உடம்பு மாறியிருக்கும். எடை, கிட்னி, சாப்பிடும் நேரம் எல்லாம். கிளிமிபிரைடு கடல்தாண்டிக்குச் செய்ததை உங்களுக்கும் செய்யலாம், நீங்களும் மெஷினில் கை வைப்பவர். முதலில் ரத்தத்தில் மூன்று மாத சராசரி, கிட்னிக்குக் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம். கண்ணுக்கு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சுகர் வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே பழுதான விழித்திரை சிலருக்குச் சற்று மோசமாகலாம், அதனால் முன்பே பார்த்துவைப்பது நல்லது.

மெட்ஃபார்மினால் வயிறு கலங்கியது என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் ரகம் இருக்கிறது, குறைந்த அளவில் தொடங்கி ஏற்றலாம், சாப்பாட்டோடு போடலாம். வருடக்கணக்கில் அதைச் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறைவதும் உண்டு, கால் எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மிக முக்கியமானது இனித்தான். திரும்பத் தொடங்கிய முதல் சில வாரங்களில் பார்வை மங்கலாம். சர்க்கரை மாறும்போது கண் லென்ஸின் பவர் தற்காலிகமாக மாறும். கால் எரிச்சலும் சிலருக்குக் குறைவதற்கு முன் கூடும். "மாத்திரை கண்ணைக் கெடுக்குது, காலை எரிக்குது" என்று இரண்டாவது முறையாக விட்டுவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். முதல் முறை விட்டவரைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம், இந்த இரண்டாவது ஆளைப் பிடிப்பது கஷ்டம். மங்கலாக இருக்கிறதே என்று அவசரப்பட்டுக் கண்ணாடி மாற்றாதீர்கள். திடீரென்று கரும்புள்ளியோ திரை விழுந்த மாதிரியோ தெரிந்தால் மட்டும் அன்றே ஓடுங்கள்.

போன நாட்கள் எல்லாம் வீண் என்றும் நினைக்க வேண்டாம். 1977-ல் பிரிட்டனில் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில் ஐயாயிரம் பேருக்கு மேல் புதிதாகச் சுகர் வந்தவர்கள் இருந்தார்கள். ஆய்வு முடிந்த ஒரு வருடத்திலேயே, கட்டுப்பாடாக இருந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் சுகர் அளவில் வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆனாலும் பத்து வருடம் கழித்து 2008-ல் பார்த்தபோது, ஆரம்பத்தில் கட்டுப்பாடாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு. நீங்கள் 6.4-ல் வைத்திருந்த வருடங்கள் உங்கள் கணக்கில்தான் இருக்கின்றன.

நேர்வழி, சனி காலை 9.15

இன்று அண்ணனுக்குப் போன் செய்தேன். சுகரைப் பற்றிப் பேசவில்லை. மழை பற்றிப் பேசினோம்.

செவ்வந்தி, சனி இரவு 8.40

நல்லது அண்ணா. அடுத்த தடவை கேட்கலாம்.

அச்சுக்கூடம், மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9.00

இழையைத் தேடி எடுத்து எழுதுகிறேன். முதலில் லேப்புக்குத் தனியாகப் போனேன், அது சுலபமாக இருந்தது. அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. சராசரி 10.3. ரிப்போர்ட்டை நான்கு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் அதே டாக்டரிடம் போனேன். உட்கார்ந்ததுமே, அவர் கேட்பதற்கு முன், "சார், பதினான்கு மாசம் விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். பேச்சை அப்படித் தொடங்க வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டையே பார்த்தார். "சீசனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "போன தடவை நான்தான் ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு விட்டுட்டேன், இந்த முறை மாசம் ஒருதரம் வாங்க" என்றார். இதற்காகவா பதினான்கு மாதம் ஒளிந்தேன் என்று இருந்தது. அதே சமயம், அவர் திட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் ரகம், ராத்திரி சாப்பாட்டோடு. கூட ஒரு புது மாத்திரை, மருந்துக்கடை மூலை சொன்ன விலை குறைந்த கூட்டத்தில் ஒன்று. கிளிமிபிரைடு இல்லை. சிறுநீரில் புரதம் கொஞ்சம் தெரிகிறது, விழித்திரை சுத்தம். பி12 குறைவு, அதற்கு ஊசி.

பழைய ஸ்டெத் சார் சொன்னது அப்படியே நடந்தது. இரண்டாம் வாரம் புரூஃப் பார்க்கவே முடியவில்லை, எழுத்தெல்லாம் மை ஊறின மாதிரி. அவர் இங்கே எழுதிவைக்காமல் இருந்திருந்தால் நிச்சயம் விட்டிருப்பேன். பையனிடம் புரூஃபைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். இப்போது தேவலை. கால் இன்னும் எரிகிறது.

அட்டையை வீட்டில் வைக்கவில்லை. சீசனில் நான் வீட்டில் இருப்பதே கிடையாது. அச்சகத்தில் என் சாப்பாட்டு டிபன் கேரியர் வைக்கும் அலமாரியில், மை டப்பாக்களுக்கு மேல் தட்டில் இருக்கிறது.

செவ்வந்தி, ஞாயிறு இரவு 9.25

சந்தோஷம் அண்ணா. எத்தனை நாள் விட்டுப்போச்சு?

அச்சுக்கூடம், ஞாயிறு இரவு 9.31

போன வியாழன் ஒரு வேளை. பிளேட் மாற்றும்போது மறந்துவிட்டேன்.